மெத்தையண்ணன் வாயில் ஆணி

எங்கள் குஷன் கடையில் வேலை முடிந்த எந்த சோபாவும் சோதனை ஆகாமல் வெளியே போனதில்லை. சோதிக்கிறவர் மெத்தையண்ணன், ஆளும் மெத்தைபோலப் பருமன். கடைக்கு முதலாளியும் அவர்தான். ஸ்பாஞ்சை ஒரு தட்டுத் தட்டுவார், "தரம் பாக்கணும்" என்பார், செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்வார். தரம் பார்த்து முடிக்க ஒரு மத்தியானம் ஆகும். குறட்டை தெருமுனை வரை கேட்கும். சோபாவின் சொந்தக்காரரே வந்து நின்றாலும் எழுப்ப முடியாது. "பாத்தீங்களா, எப்படித் தூக்கம் வருதுன்னு" என்று தச்சர்தான் சமாளிப்பார்.

தச்சர் மரச்சட்டம் செய்கிறவர். ஒல்லியான ஆள். நான் உறை தைக்கிறவள். கடையின் ஒரு மூலையில் என் மெஷின் இருக்கிறது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று என்னைச் சொல்வார்கள். அதில் ஒரு வசதியும் உண்டு. நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டு எல்லோரும் பேசுவார்கள்.

அண்ணனுக்குக் கெட்ட பழக்கங்கள் என்று எண்ணினால் எண்ணிக்கொண்டே போகலாம். முதலில் சிகரெட். ஒன்று அணையும் முன்பே அடுத்தது கை தேடும். தீப்பொறி விழுந்து உறைத்துணியில் ஓட்டை விழும். அந்த ஓட்டையின் மேல் நான் ஒரு பூ வைத்துத் தைத்துவிடுவேன். அதை வேலைப்பாடு என்று நினைத்து, "எங்களுக்கும் அந்தப் பூ வேணும்" என்று கேட்டு வந்த வாடிக்கைக்காரர்கள் உண்டு. அடுத்தது வறுவல். எதையும் எண்ணெயில் போட்டு எடுத்தால்தான் அது அவருக்குச் சாப்பாடு. பிறகு, கரண்டி நட்டமாய் நிற்கிற அளவு சர்க்கரை போட்ட டீ. கடைசியாக, 'நாளைக்கு' என்ற சொல். எந்த வேலை எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் அவருக்கு அதுதான் பதில். எந்த நாளைக்கு என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கடைக்குப் பின்தெருவில் வீடு. அக்காவின் உடம்பு ஒரு பிடிதான், நாக்கு ஒரு முழம். "இவரைக் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து வீட்ல கட்டில் தனியா வாங்கல. இவரே போதும்" என்று அவர் முன்னாலேயே சொல்வார். அண்ணன் வாய்விட்டுச் சிரிப்பார். தன்னை யாராவது கேலி செய்தால் அவருக்கு விருந்து சாப்பிட்டமாதிரி.

அந்த அக்காவுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது, பிறகு மூச்சு வாங்கியது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தோடு கட்டிப்போட்டமாதிரி உட்கார வேண்டும். உப்பு கூடாது. தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். அக்காவுக்கு அந்த இரண்டுமே இல்லாமல் போய்விட்டது. கோடை நாளில் ஒரு சின்னத் துண்டு ஐஸை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "இதுதான் இன்னிக்கு எனக்குக் குளம், ஆறு, கடல் எல்லாம்" என்பார்.

முதல் நாள் துணைக்கு அண்ணனும் நானும் போயிருந்தோம். அக்காவின் கையில் ஊசி ஏறியது. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, சின்ன முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவர். அதற்குப் பதிலாக அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியையே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பாஞ்சு செத்துப் போச்சு இதுல. வெறும் பலகை. இதுல எப்படி நாலு மணி நேரம் உக்காருவ?"

"நீங்க அதுல படுத்துத் தரம் பாத்துடாதீங்க. அப்புறம் எனக்கு இடம் இருக்காது."

அன்று கடைக்குத் திரும்பியதும் ஒரு முதுகு மெத்தையும் ஒரு உட்காரும் மெத்தையும் வெட்டினார். என்னை உட்காரவைத்து உறை தைக்கச் சொன்னார். அடுத்த முறை போகும்போது அது அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கடையின் சரித்திரத்தில் அதுவரை சொன்ன நாளில் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

சில மாதங்கள் போனபின் டாக்டரம்மா மாற்று சிறுநீரகத்தைப் பற்றிப் பேசினார். யாராவது உறவில் கொடுக்க முடியுமா என்று கேட்டு முடிக்கும் முன் அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். இரத்தம் பார்த்தார்கள். பொருந்தியது.

"இரத்தம் சரி. ஆள்தான் சரியில்லை," என்றார் டாக்டரம்மா. அவரும் கொஞ்சம் குறும்புக்காரர். "இந்த எடையோட உங்க மேல கத்தி வைக்க முடியாது. பிரஷர் வேற இருக்கு. சிகரெட்டை அடியோட விடணும். மூணு மாசம் தர்றேன். அதுக்கப்புறம் முழுசா சோதிச்சுப் பாக்கலாம். அதுல தேறினாத்தான்."

அக்கா சிரித்தார். "டாக்டர், இவர் நாளைக்குன்னா நாலு மாசம்னு அர்த்தம். மூணு மாசம்னா அடுத்த பிறவி."

அன்று சாயந்திரம் அண்ணன் செய்த காரியத்தை நான் மெஷினில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தார். எறியப் போகிறார் என்று நினைத்தேன். எறியவில்லை. பல் டாக்டர் ஒருவருடைய சோபா பாதி வேலையில் கிடந்தது. அதன் வயிற்றுக்குள், ஸ்பாஞ்சுக்கு அடியில், பெட்டியை வைத்தார். மேலே துணியை இழுத்து அடித்து மூடினார்.

"குப்பையில போட்டா ராத்திரி வந்து பொறுக்குவேன்," என்றார் தச்சரிடம். "இதை எடுக்கணும்னா நான் செஞ்ச வேலையை நானே பிரிக்கணும். அது என்னால முடியுமா?"

"முடியாதுண்ணே. புதுசாச் செய்யவே உங்களால முடியாது."

சோபா மறுநாளே பல் டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் இன்றுவரை அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சிகரெட் போய்விட்டது, ஆனால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஏலக்காய் மென்றார், ஈர்க்குச்சி கடித்தார், பென்சில் கடித்தார். தச்சரின் பென்சில்கள் எல்லாம் எலி கடித்தமாதிரி ஆயின. பிறகு ஒருநாள் பரணிலிருந்து ஒரு துருப்பிடித்த தகர டப்பாவை இறக்கினார். உள்ளே குட்டி ஆணிகள்.

இப்போதெல்லாம் துணியைச் சட்டத்தில் அடிக்கக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிற ஸ்டேப்ளர் பின் துப்பாக்கி வந்துவிட்டது. டப் டப் என்று அடித்துக்கொண்டே போகலாம். அதற்கு முன்னால் இந்தத் தொழிலில் ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்காலேயே ஆணியைத் திருப்பி, ஒவ்வொன்றாகத் தலை முன்னால் வரும்படி உதட்டுக்குக் கொண்டுவருவார்கள். சுத்தியல் முனையில் காந்தம் இருக்கும். உதட்டிலிருந்து ஆணியை அது பிடித்துக்கொள்ளும். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க, மறு கை அடிக்கும். அண்ணன் சின்ன வயதில் கற்றது அப்படித்தான்.

ஆணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தார். வாயில் போட்டார். பின் துப்பாக்கியைத் தூக்கி மூலையில் வைத்தார்.

வாயில் ஆணி இருந்தால் புகைக்க முடியாது, தின்ன முடியாது, டீ குடிக்க முடியாது, பேசவும் முடியாது. 'நாளைக்கு' என்று சொல்லக்கூட வழியில்லாததால் வேலைகள் முடியத் தொடங்கின. கடைக்கு வந்தவர்கள் பயந்துபோனார்கள். விஷயம் அக்காவின் காதுக்குப் போனபோது, "இருபத்தஞ்சு வருஷமா என்னால அடைக்க முடியாத வாய் அது" என்று பெருமூச்சு விட்டார். ஆனால் அவர் அதை நம்பவில்லை. "ஆணியும் வைப்பார், அதை எடுத்துட்டு சிகரெட்டும் வைப்பார். எனக்குத் தெரியாதா என் வீட்டு ஆளை" என்றார். வாசனையே வரவில்லையே அக்கா என்று நான் மெல்லச் சொன்னேன். "வாசனை வரலன்னா மறைக்கக் கத்துக்கிட்டார்னு அர்த்தம்."

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அக்கா வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுவருகிறவள் நான்தான். டாக்டரம்மா அப்படிச் சொன்னபிறகு டப்பாவின் கனம் குறையும் என்று நினைத்தேன். மாறாகக் கூடியது. ஒருநாள் கைப்பிடியே என் விரலை அறுத்தது. மூடியைத் தாண்டி எண்ணெய் வாசனை வந்தது. மறுநாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு அடுப்பில் அக்காவுக்கு உப்பில்லாமல் வெந்த காய். இன்னொரு அடுப்பில் வாணலி நிறைய மீன் பொரிந்துகொண்டிருந்தது. அருகே வறுத்த உருளைக்கிழங்கு மலைபோல் இருந்தது.

என் பார்வையை அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன பாக்குற? நீ வாயத் திறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதனால சொல்றேன்." கரண்டியால் மீனைத் திருப்பிப் போட்டார். "எடை குறையலன்னா டாக்டரே வேணாம்னு சொல்லிடுவாங்க. நான் வேணாம்னு சொன்னமாதிரியும் இருக்காது, அவர் மனசும் நோகாது."

"ஏன்க்கா வேணாம்?"

"முள்ளு குத்தினா மூணு நாள் படுக்குற ஆளு. அவர் வயித்தை எனக்காகக் கிழிக்கணுமா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரை வச்சுக் கேலி பண்ணுவேன், சொல்லு?"

அப்போது அவர் குரல் கேலியாக இல்லை. டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போ" என்றார்.

கொண்டு போனேன். அண்ணன் டப்பாவைத் திறந்து ஒரு நிமிஷம் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதைத் தச்சரின் பக்கம் தள்ளிவிட்டு, தான் ஒளித்துவைத்திருந்த வெள்ளரிக்காயைக் கடித்தார்.

"அண்ணே, தினம் தினமா? எனக்குக் கூச்சமா இருக்குண்ணே," என்றபடி தச்சர் கை கழுவி உட்கார்ந்தார்.

"பேசாம சாப்பிடு. மீதி வச்சுடாத. டப்பா காலியாப் போகணும்."

தச்சர் மீதி வைத்ததே இல்லை. நாளாக ஆக அண்ணனின் சட்டை தொளதொளத்தது, தச்சரின் சட்டைப் பொத்தான் தெறித்தது. நான்தான் அதைத் திரும்பத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். சாயந்திரத்தில் அண்ணன் நடக்கவும் தொடங்கினார். வாடிக்கைக்காரர் வீடுகளுக்கு அளவெடுக்க வண்டியில் போகாமல் நடந்தே போனார். சோபாவில் சாய்ந்து தரம் பார்ப்பதும் நின்றுபோனது. படுத்தால் வாயிலுள்ள ஆணி தொண்டைக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் பலித்தது. ஆனால் படுத்தபோது அல்ல.

முழுச் சோதனைக்கு முந்தின நாள். இயந்திரம் இல்லாத நாள் என்பதால் அக்கா மெல்ல நடந்து கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணன் வாய் நிறைய ஆணியோடு, முட்டிபோட்டு, ஒரு நாற்காலியின் அடியில் துணி அடித்துக்கொண்டிருந்தார். வேட்டி நழுவாமலிருக்க இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது உங்க இடுப்பா?"

அண்ணன் தலையாட்டினார்.

"கல்யாணத்தன்னிக்குப் பாத்தது. இத்தனை வருஷமா எந்த ஊருக்குப் போயிருந்துச்சாம்?"

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடியபடி சிரிக்கப் பார்த்தார். முகம் சிவந்தது. இருமினார். ஆணிகள் நாலா பக்கமும் சிதறின. பிறகு ஒரு விழுங்கு விழுங்கினார். கண் இரண்டும் என்னைப் பார்த்து விரிந்தன.

"என்னாச்சு?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்ல. புரை ஏறிடுச்சு."

அக்கா வீட்டுக்குப் போனபிறகு அவர் தரையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தார். பிறகு என் மெஷினுக்கு வந்து குனிந்தார். "நீ எதையும் பாக்கல. சரியா? நாளைக்குச் சோதனை. இது தெரிஞ்சா தள்ளிப் போட்டுடுவாங்க." அக்காவின் ரகசியம் ஒரு பக்கம், அண்ணனின் ரகசியம் ஒரு பக்கம். நடுவில் நான் மத்தளம் மாதிரி. அன்று முழுக்க அவர் வாழைப்பழமாகத் தின்றார்.

"டயட்ல ஒரு சீப்பா அண்ணே?" என்றார் தச்சர்.

அண்ணன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். மாலையில் டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். அண்ணன், அக்கா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்.

"எடை நான் சொன்னதுக்கும் கீழ வந்துடுச்சு. பிரஷர் நல்லா இருக்கு," என்றார் டாக்டரம்மா.

"இருக்காதே!" என்றார் அக்கா. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது... சிகரெட்டை இவர் விட்டிருக்க மாட்டார் டாக்டர். நல்லாக் கேளுங்க."

"கேக்குறேன். அதுக்கு முன்னாடி இது என்னன்னு சொல்லுங்க."

வெளிச்சத்தில் ஒரு படத்தை மாட்டினார். சாம்பலும் கறுப்புமாக ஏதேதோ தெரிந்தன. எனக்கு அதில் எது குடல், எது எலும்பு என்று தெரியவில்லை. ஆனால் நடுவில் பளிச்சென்று ஒன்று இருந்தது. அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். தட்டைத் தலை, குட்டை உடம்பு, கூர் முனை.

அண்ணன் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நம்ம கடை ஆணிதான்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பழைய சரக்கு. வளையவே இல்ல பாருங்க."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். சிகரெட் பெட்டி பல் டாக்டரின் சோபாவுக்குள் போனதையும், ஆணி டப்பாவையும், நேற்று அக்கா இடுப்பைப் பற்றிக் கேட்டதையும்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நிஜமாவே விட்டுட்டீங்களா?"

"வாய் நிறைய ஆணியை வச்சுக்கிட்டு எவனாவது புகை விட முடியுமா?"

"சரி. நான் அனுப்பின சாப்பாடெல்லாம்?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். "தச்சர் உன் கைப்பக்குவத்தைப் புகழாத நாளில்ல."

"அதான் அந்த ஆளு என்னைப் பாக்குறப்பல்லாம் கையெடுத்துக் கும்பிடுறாரா!"

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அக்காவும் சிரிக்கத் தொடங்கினார், ஆனால் அது பாதியில் வேறு ஏதோவாக மாறியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் விரல்களை அவர் பிடித்த பிடியில் மறுநாள்கூட ஊசி பிடிக்க வலித்தது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "நீ வேணாம்னு நினைக்கிறது எனக்கு முதல் நாளே தெரியும். டப்பா கனத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"வாயில ஆணி இருந்துச்சே."

"வலிக்கும்ங்க. உங்களால தாங்க முடியாது."

"உன் நாக்கை இருபத்தஞ்சு வருஷம் தாங்கியிருக்கேன். கத்தி என்ன பெரிய கத்தி."

அக்கா முந்தானையை எடுத்தார். மூக்கை உறிஞ்சினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று டாக்டரம்மாவும் காத்திருந்தார்.

"சரி," என்றார் அக்கா. "வாங்கிக்கிறேன். ஆனா காலம் பூரா அதைச் சொல்லிக் காட்டக் கூடாது."

"அது மட்டும் என்னால முடியாது," என்றார் அண்ணன்.

முதலில் ஆணி வெளியே வரட்டும், மற்றது பிறகு என்றார் டாக்டரம்மா. வந்தது. எப்படி வந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. அண்ணன் எல்லோரிடமும் விவரமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், அதுவே போதும்.

அடுத்த நாள் அக்கா கொடுத்த டப்பா காற்றுப்போல இருந்தது. கடையில் தச்சர் கை கழுவிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே உப்பில்லாமல் வெந்த காய், அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒரே சட்டியில் வேகவைத்தது. ஒரு வாய் எடுத்து வைத்தார். அவருடைய முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வீட்டில் சாவு விழுந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

"அண்ணே, அக்காவுக்கு உடம்பு ரொம்ப மோசமா?"

"இல்ல," என்றார் அண்ணன், டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "இன்னிக்குத்தான் தேறியிருக்கா." காயை ஒன்றுவிடாமல் வழித்துச் சாப்பிட்டார்.

ஆப்பரேஷன் நடந்தது. முள்ளுக்கு ஊரைக் கூட்டுகிறவர் கத்திக்கும் கூட்டத்தான் செய்தார். அந்த மாடியிலிருந்த அத்தனை நர்சுகளுக்கும் அவருடைய தையல் எத்தனை அங்குலம் என்று தெரியும். "தையல் சுத்தமில்ல, எங்க கடைப் பொண்ணு இதைவிட நல்லாப் போடுவா" என்றும் சொன்னாராம். அதைக் கேட்டு நான் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கடையில் தைத்த அந்த மெத்தையில். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில். இனி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நர்ஸ் ஒரு முழு டம்ளர் தண்ணீரை அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதை உடனே குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதட்டில் வைத்தவர், கடைசிச் சொட்டு வரை எடுக்கவில்லை. தொண்டை ஏறி இறங்குவதை அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

அக்கா காலி டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டார்.

"மெதுவா, மெதுவா," என்றார் அண்ணன். "அது என் சரக்கு. ஒரே நாள்ல ரொம்ப வேலை வாங்காத. அதுக்குப் பழக்கம் கிடையாது."

"அதான் தெரியுதே," என்றார் அக்கா. "மத்தியானம் ஆனா அதுபாட்டுக்குத் தூங்கிடுது."